சந்தேகப் படங்கள்

படமொன்றைப் பார்த்துவிட்டுச் சொல்லக்கூடிய சொற்களுள் ஒரு பிரயோசனமும் இல்லாதது 'நல்லாயிருக்கு' என்பதுதான். கவிதை எழுதுகிற நண்பர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கையெழுத்துப் பிரதியை நீட்டிவிட்டு எதிரில் இருப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 'நல்லாயிருக்கு மச்சான்' என்ற சொல்லோடு பிரதி திரும்பி வரும்போது மனதுக்குள் ஓர் ஏமாற்றம் தட்டுமே, அதேதான் இங்கேயும். மூன்றாவது பந்தியில் ஏதோ இடறுகிறது என்று எழுதியவனுக்குத் தெரியும். வாசித்தவரும் அதைக் கண்டிருப்பார். இருவரும் அதைப் பற்றிக் கதைக்காமல் தேநீர் குடித்துவிட்டுப் பிரிவார்கள்.

நான் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். கல்முனைப் பக்கத்துக் கிராமமொன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். கட்டாரிலிருந்து திரும்பிய நண்பரொருவர் பாவித்த கமராவை என் தலையில் கட்டிய நாளிலிருந்து இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. என்னைப் போல இன்னும் நான்கு பேர் ஊரில் இருக்கிறார்கள். பிரதேச சபையில் எழுதுவினைஞர் ஒருவர், ஓய்வுபெற்ற பிரதி அதிபர் ஒருவர், பல்கலைக்கழகம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் ஓர் இளைஞர், நாங்கள் எல்லோரும் காக்கா என்று அழைக்கும் ஸ்டூடியோக்காரர். போயா விடுமுறை நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் வாசிகசாலையின் பின்விறாந்தையில் கூடுகிறோம். சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. தலைவர், செயலாளர் தெரிவு செய்யப் போனால் படம் பார்க்க நேரம் கிடைக்காது என்பது பிரதி அதிபரின் அனுபவம்.

எங்களுக்குள் இரண்டு ஒழுங்குகள் மட்டும் உண்டு. கொண்டுவர வேண்டியவை நல்ல படங்கள் அல்ல. சரியா, பிழையா என்று எடுத்தவருக்கே நிச்சயமில்லாத படங்கள் இரண்டு. அவற்றைத் தபாலட்டை அளவில் அச்சடித்துக் கொண்டுவர வேண்டும். கைத்தொலைபேசியில் காட்டினால் பார்ப்பவரின் பெருவிரல் அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறது. மேசையில் கிடக்கும் கடதாசியை அப்படித் தள்ளிவிட முடியாது. மற்றது, எல்லோரும் கதைத்து முடியும் வரைக்கும் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. 'அப்ப வெயில் போயிட்டு', 'அந்தப் புள்ள அசைஞ்சிட்டு' என்ற கதைகள் எல்லாம் பிறகுதான்.

இந்த இரண்டாவது ஒழுங்கு ஆசிரியர் கலாசாலையிலிருந்து நான் கொண்டுவந்தது. கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் விரிவுரையாளர் ஒருவர் கடைசி வாங்கில் அமர்ந்து குறிப்பெடுப்பார். பாடம் முடிந்ததும், ஏன் அப்படிச் செய்தேன் என்று பயிலுநர் நியாயம் சொல்லத் தொடங்குவார். 'நீர் நினைத்ததைப் பிறகு சொல்லும், நான் கண்டதை முதலில் கேளும்' என்று அவரை நிறுத்திவிட்டு விரிவுரையாளர் தன் கொப்பியை வாசிப்பார். இன்ன நிமிடத்தில் ஜன்னலோரப் பிள்ளை வெளியே பார்த்தது. இன்ன கேள்விக்கு மூன்று கைகள் உயர்ந்தன, ஒரே கைக்குத்தான் சந்தர்ப்பம் கிடைத்தது. பாராட்டும் இல்லை, ஏச்சும் இல்லை. அதைக் கேட்டு முடிந்ததும் தன் பாடத்தைப் பற்றித் தானே ஒரு முடிவுக்கு வராத பயிலுநரை நான் கண்டதில்லை. படத்துக்கும் இதுவே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். முதலில் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். என்ன பிழை என்பது அதற்குள்ளிருந்து தானாக வரும்.

ஆனால் எங்கள் காக்காவை இந்த ஒழுங்குக்குள் கொண்டுவருவது லேசான காரியம் அல்ல. முப்பது வருடமாகக் கல்யாண வீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் பிடித்தவர். அவர் ஒரு படத்தைக் கையில் எடுத்தால் முதலில் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். மனிதர், மரம், வள்ளம் எல்லாம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் அதுதான் வழி. பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு மட்டைத் துண்டுகளை எடுப்பார். பிலிம் பெட்டியின் மட்டையை மூலைமட்டம் போல வெட்டி வைத்திருக்கிறார். இரண்டையும் எதிரெதிராகப் படத்தின் மேல் வைத்து நகர்த்தினால் ஒரு சட்டம் சிறுத்தும் பெருத்தும் போகும். 'இதுக்கு அங்கால உள்ளதெல்லாம் வேணாம்' என்பார். அநேகமாக அவர் சொல்வது சரியாகவே இருக்கும். படத்தில் மிக வெளிச்சமான இடத்துக்குத்தான் கண் முதலில் ஓடும், அந்த இடம் ஓரத்தில் இருந்தால் கண் படத்தை விட்டே வெளியே போய்விடும் என்பதை நான் அவரிடம்தான் படித்தேன்.

பிலிம் காலத்து மனிதர் அவர். ஒரு சுருளில் 36 படம். விரலை அழுத்துவதற்கு முன்பே சந்தேகம் வந்துவிடும், ஏனென்றால் அதற்குக் காசு. இப்போது விரல் அழுத்திக்கொண்டே இருக்கிறது, சந்தேகம் இரவில் வருகிறது. ஒரே தோணியின் இருபது படங்களை வரிசையாகத் தட்டிப் பார்த்து, எது நல்லது என்று தெரியாமல் நித்திரைக்குப் போனவர்கள் என் பாட்டை அறிவார்கள்.

கமராவைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் இப்னுல் ஹைதம் வராமல் போவதில்லை. சிறு துவாரத்தின் வழியாக இருட்டறைக்குள் விழும் ஒளியை ஆராய்ந்தவர் என்பதால் அந்த மரியாதை. நானும் அவரைக் கூட்டிவருகிறேன், ஆனால் இருட்டறைக்காக அல்ல. தொலமியின் நூல்களில் உள்ள முரண்பாடுகளை எடுத்துக்காட்டி 11ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய நூலின் பெயர் 'அஷ்ஷுகூக்', அதாவது சந்தேகங்கள். முன்னோரின் எழுத்தைச் சந்தேகிக்கிறவன் தன்னையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும் என்று அதில் சொல்கிறார். எங்கள் விறாந்தைக்கு இதைவிடப் பொருத்தமான ஓர் ஆசானை நான் காணவில்லை.

எழுதுவினைஞர் ஒருமுறை கரைவலைப் படமொன்றைக் கொண்டுவந்தார். ஏழெட்டுப் பேர் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து நிற்கிறார்கள். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு முகமும் இல்லை. அதுதான் அவருடைய சந்தேகம். முகம் இல்லாவிட்டால் பரவாயில்லை, மணலில் புதைந்த குதிக்கால்களே போதும் என்றார் பிரதி அதிபர். கடல் சரிந்து கிடக்கிறது என்றார் காக்கா. பத்திரிகை வாசிக்க வந்த மீனவர் ஒருவர் எங்கள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, 'அண்டைக்கி மீன் படல்லியா?' என்று கேட்டார். படவில்லைதான். எப்படித் தெரியும் என்று கேட்டோம். 'காகமில்லியே' என்றார். மடி கரைக்குக் கிட்ட வரும்போது மீன் இருந்தால் காகங்கள் முதலில் வந்துவிடுமாம். எங்களுக்கு வெறும் வானமாகத் தெரிந்த இடத்தில் அவருக்கு ஒரு நாளின் உழைப்பு வீணாய்ப் போனது தெரிந்தது. அதன் பிறகு எழுதுவினைஞர் அந்தப் படத்தைச் சந்தேகப்படவில்லை.

குவிமையம் பற்றிய சண்டை எங்களுக்குள் அடிக்கடி வரும். இளைஞர் கொண்டுவந்த ஒரு படத்தில் குர்ஆன் மத்ரஸாவிலிருந்து ஓடிவரும் சிறுவனின் முகம் கலங்கிப் போயிருந்தது. கலங்கல் என்றால் குப்பைதான் என்றார் காக்கா. அன்று நான் ஜூலியா மார்கரெட் கமரோனின் கதையைச் சொன்னேன். அவருக்கு 48 வயதாக இருந்தபோது, 1863ஆம் ஆண்டு, மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். கண்ணாடித் தகட்டில் ஈரம் காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவ வேண்டிய காலம் அது. அவருடைய படங்களில் முகங்கள் மங்கியிருந்தன. தகட்டில் விரலடையாளமும் கீறலும் இருந்தன. லண்டனின் படப்பிடிப்புச் சஞ்சிகை அவரைக் கடுமையாகச் சாடியது, படம் பிடிக்கவே தெரியாதவர் என்ற தோரணையில். அவரோ படங்களை ஒளித்து வைக்காமல் கண்காட்சிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். எது குவிமையம் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வியைத் தன் நண்பரான விஞ்ஞானி ஹேர்ஷலுக்கே எழுதிக் கேட்டார். இன்று விக்டோரியா அன்ட் அல்பர்ட் என்று அழைக்கப்படும் நூதனசாலை 1865இலேயே அவருடைய படங்களை வாங்கிவிட்டது.

இந்தப் பெண்மணி எங்கள் நாட்டு மண்ணில்தான் அடங்கியிருக்கிறார் என்றதும் காக்காவின் முகம் மாறிவிட்டது. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தவர் 1879 ஜனவரியில் இறந்தார். அடக்கப்பட்டது பொகவந்தலாவைத் தேவாலயத்தில். இங்கிருந்த வருடங்களில் களுத்துறைப் பக்கத்து மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தார். எஞ்சியிருப்பவை கொஞ்சந்தான். அவற்றில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இங்கிலாந்தில் அவர் பிடித்த கவிஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் பெயர் இருக்கிறது. இங்கே பிடித்தவை 'களுத்துறைக் குடியானவர்' என்பது போன்ற பெயரோடு நிற்கின்றன. அந்த மனிதர்களிடம் படத்தைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

பிரதி அதிபர் எந்தப் படத்தையும் வெட்ட விடமாட்டார். அவரும் காக்காவும் மோதாத போயா கிடையாது. ஆரம்பத்தில் இது வயதானவரின் பிடிவாதம் என்றுதான் இளைஞர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் பிரதி அதிபர் தன் முறைக்கு ஒரே ஒரு படத்தோடு வந்தார். அவர் எடுத்தது அல்ல, யாரோ ஒருவரின் கல்யாண வீட்டுப் படம். மாப்பிள்ளை, வாப்பாமார், பந்தல் எல்லாம் நடுவில் இருக்க, இடப்பக்க ஓரத்தில் ஒருவரின் தோளுக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளையின் பாதி முகம். 2004 டிசம்பர் 26இல் எங்கள் கரையோரத்து வீடுகளோடு அல்பங்களும் போயின. அவருடைய தங்கையும் அன்று போனவள். சொந்தக்காரரின் வீடுகளையெல்லாம் தேடி அவருக்குக் கிடைத்தது இந்தப் பாதி முகம் மட்டுமே. படம் மேசையில் கிடந்தது. ஒழுங்கின்படி நாங்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். எழுதுவினைஞர்தான் முதலில் வாய் திறந்தார், 'சிரிக்கிறா' என்று. காக்கா அன்று மட்டைத் துண்டுகளை வெளியே எடுக்கவில்லை.

இனி, என்னுடைய படத்துக்கு வருகிறேன்.

மருதமுனை கைத்தறிக்குப் பேர்போனது என்பது வாசகர்கள் அறிந்ததே. அதன் அண்டையில் எங்களூரிலும் ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டது. இப்போது விரல் விட்டு எண்ணலாம். பாடசாலையில் 'எமது ஊரின் தொழில்கள்' என்று ஒரு கண்காட்சி வைப்பதாக அதிபர் முடிவெடுத்ததும், கூலிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் ஒரு மாமியின் வீட்டுக்கு அவருடைய அனுமதியோடு போயிருந்தேன். பின்னேரம். கிடுகு வேலியின் இடுக்குகளால் வெயில் கோடு கோடாக விறாந்தையில் விழுந்துகொண்டிருந்தது. முகத்தை எடுக்கக் கூடாது என்று மாமி முன்பே சொல்லியிருந்தார். அதனால் ராட்டையும் கைகளும் மட்டும். வெளிச்சம் போதாமல் கமரா ஒரு வினாடியின் 15இல் ஒரு பங்குக்குத் திறந்து மூடியது. சக்கரம் ஒரு வட்டப் புகையாகிவிட்டது. வலது கை கூர்மையாக விழுந்திருந்தது. பெருவிரலின் அடியில் இருக்கும் பழைய தீக்காயத் தழும்புகூடத் தெளிவு. வலப்பக்க மேல்மூலையில் கொடியில் காயப்போட்ட ஒரு சாரன், அதில் வெயில் பட்டுப் பளிச்சென்று கிடந்தது.

எனக்கு இரண்டு சந்தேகங்கள் இருந்தன. ஒன்று படத்தைப் பற்றியது, மற்றது படத்தைக் காட்டுவதைப் பற்றியது. மேசையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

காக்கா திருப்பிப் பார்த்தார், மட்டைகளை வைத்தார். மூலையை வெட்டியதும் படம் ஒரேயடியாக எழுந்து நின்றது. கை, சக்கரம், வெயில் கோடுகள். வேறொன்றும் இல்லை. நான் எடுத்த படமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 'இந்தச் சாரன்தான் படத்தக் கெடுக்குது' என்றார் காக்கா. இளைஞரும் எழுதுவினைஞரும் ஒத்துக்கொண்டார்கள். பிரதி அதிபர் வழக்கம்போல வெட்டக் கூடாது என்றார், ஆனால் காரணம் சொல்ல அவராலும் முடியவில்லை. பிறகு வேறொன்றைச் சொன்னார். 'முகம் இல்லாட்டி என்ன, இந்தத் தழும்ப இந்த ஊர்ல ஆருக்குத் தெரியாது? மகன் வெளிநாட்டுல. உம்மா கூலிக்கு நூல் சுத்துறா எண்டு பாடசாலைச் சுவரில தொங்கவிட்டா அவனுக்கு எப்படி இரிக்கும்?' என் இரண்டாவது சந்தேகமும் அதுவே.

படம் பிடிப்பது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேற்றுமை நாம் அறிந்தது. கண்ணாடியில் விழும் நிழலை நிறுத்திவைப்பது போன்றது என்று அனுமதித்தவர்கள் உண்டு, கூடாது என்றவர்களும் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. அனுமதிக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டாலும் ஓர் ஏழையின் வீட்டு விறாந்தையை ஊர் பார்க்க விரிக்கலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நிவாரணப் பொதியை வாங்கும் கைகளோடு கொடுக்கும் கைகளும் சேர்ந்து கமராவைப் பார்த்துச் சிரிக்கும் படங்களை நாம் எவ்வளவு பார்த்துவிட்டோம். வாங்குகிறவரிடம் யாரும் கேட்பதில்லை. எங்கள் ஐந்து பேருக்கும் இந்தக் கேள்வியில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை என்பதில் மட்டும் ஒற்றுமை ஏற்பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து, என் மனைவியையும் கூட்டிக்கொண்டு மாமியிடம் போனேன். வெட்டாத படம் ஒன்று, காக்கா வெட்டித் தந்தது ஒன்று. மாமி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முதலில் வெட்டியதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

'நூல் எங்க மாஸ்டர்?' என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். நூல் இல்லை. மெல்லிய வெள்ளை நூல், பின்னால் வெயில் பட்ட கிடுகு, அசையும் கை. எங்கோ கரைந்து போயிருந்தது. ஐந்து பேர் ஒரு மணித்தியாலம் பார்த்த படம் அது. 'கை சும்மா காத்தப் புடிச்சிக்கி இரிக்கிற மாதிரி' என்று சொல்லிச் சிரித்தார் மாமி.

தழும்பைப் பற்றி, மகனைப் பற்றி, நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் என் மனைவியைப் பார்த்து, 'நூல் சுத்துறது களவா புள்ள?' என்றார். அதற்கு மேல் அதில் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு வெட்டாத படத்தைக் கையில் எடுத்தார். பார்த்த உடனேயே விரல் மேல்மூலைக்குப் போனது. மற்றதில் இது ஏன் இல்லை என்று கேட்டார். வெளிச்சம் கண்ணை இழுக்கிறது, அதனால் வெட்டினோம் என்று காக்கா சொன்னதை என் வாயால் சொன்னேன்.

'இது அவரு கடைசியா நெய்த சாரன். தறியால அறுத்தெடுத்துக் குடுத்தது நான்தான். மௌத்தாப் போன பொறகு ஆருக்கும் குடுக்கல்ல. இடைக்கிட கழுவிக் காயப்போடாட்டிப் பூச்சி அரிச்சிரும். அண்டைக்கி நீங்க வந்தது அந்த நாளாப் போச்சி.' படத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். 'தொங்கப் போடுறெண்டாப் போடுங்க மாஸ்டர். இந்த மூலய வெட்டாமப் போடுங்க. வெட்டினா மறுகா என்னத்துக்கு அது?'

வெட்டாமலே போட்டோம். அகலமாக அச்சடித்து, மாணவர்கள் செய்த தறி மாதிரியின் பக்கத்துச் சுவரில் வைத்தோம். யாருடைய கை என்று எழுத வேண்டாம் என்றார் மாமி, எழுதவில்லை. சாரனை நெய்தவரின் பெயரை எழுதச் சொன்னார், எழுதினோம். மகனுக்கு இளைஞர் அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பினார். 'வாப்பாட சாரன்' என்று மட்டும் பதில் வந்ததாம்.

கண்காட்சிக்கு வந்த காக்கா படத்துக்கு முன்னால் நின்று கதை முழுவதையும் கேட்டார். சாரனை நெய்தவரை அவருக்கும் தெரியும், அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பிடித்தவரே இவர்தான். கேட்டு முடிந்து சற்று நேரம் நின்றுவிட்டு, 'எண்டாலும் மூலை இழுக்குதுதான்' என்றார். இழுக்கத்தான் செய்கிறது. கதை தெரியாமல் பார்க்கிறவருக்கு அது ஓரத்தில் கிடக்கும் ஒரு வெள்ளைத் திட்டு. படமாக மட்டும் பார்த்தால் காக்கா வெட்டியதே மேல் என்று எனக்கு இப்போதும் படுகிறது. பிரதி அதிபர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

நூல் விடயம் மட்டும் என்னை விடவில்லை. காலை எட்டு மணிக்கு வந்தால் வெயில் மற்றப் பக்கத்தால் வரும், பின்னால் இருட்டாக இருக்கும், நூல் தெரியும் என்று மாமியே வழி சொல்லியிருந்தார். பாடசாலை விடுமுறையில் போய்ப் பதினொரு படம் எடுத்து வந்தேன். இரண்டில் நூல் ஒரு வெள்ளிக் கம்பி போல நிற்கிறது. ஆனால் அந்த இரண்டிலும் கை விறைப்பாக இருக்கிறது. எதைப் படம் பிடிக்கிறேன் என்று கைக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ. இரண்டையும் தபாலட்டை அளவில் அச்சடித்து வைத்திருக்கிறேன், வருகிற போயாவுக்கு.